தட்டின் அடியில் ஓர் ஊர்ப்பெயர்

அம்மா எங்களோடு மூன்று மாதம் இருக்க ஜப்பானில் ஃபுகுவோகாவுக்கு வந்திருந்தாள். வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கப் போனவள் அதன் அடியைப் பார்த்துவிட்டு நின்றாள். “என்னமோ எழுதியிருக்கே, இது யாரு பேருடி?” என்றாள். எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் படாது. பாட்டியின் பித்தளை அண்டாவில் தாத்தா பெயர் இருக்கும். என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தில் சித்தப்பா பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். “பேர் இல்லம்மா, ஊரு. ஒன்டான்னு போட்டிருக்கு” என்றேன். “அப்ப செஞ்சவங்க பேரு?” “போட மாட்டாங்க. அங்க அதுதான் வழக்கம்.” அம்மா தட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். “இவ்ளோ நல்லா செஞ்சிட்டு ஏன் பேர் போட மாட்டாங்க?” என்று கேட்டுவிட்டு அடுத்த பாத்திரத்தைக் கையில் எடுத்தாள். பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி அன்றிலிருந்து தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

அது ஏழு சுன் தட்டு, நம் கணக்கில் சுமார் 21 சென்டிமீட்டர் அகலம். மாநிற மண்ணின்மேல் வெள்ளைக் களிமண் குழம்பு பூசியிருப்பார்கள். பாதி காய்ந்த பதத்தில் தட்டைத் திரிகையில், அதாவது குயவர் சக்கரத்தில், சுழலவிட்டு, வளைந்து கொடுக்கும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை அதன்மேல் லேசாகத் தொடவிட்டால், தகடு துள்ளித் துள்ளி விழும். விழுகிற இடத்திலெல்லாம் வெள்ளை பெயர்ந்து அடிமண் தெரியும். நடுவிலிருந்து விளிம்புவரை நெல்மணி தூவியதுபோல ஆயிரம் சின்னக் கீறல்கள். டொபிகன்னா என்பார்கள், துள்ளும் உளி என்று சொல்லலாம். பழைய கடிகாரச் சுருள்வில்லின் தகடே அதற்குத் தோதான கருவி. இந்தத் தட்டில்தான் நான் ஆறு வருடமாகத் தயிர்சாதம் சாப்பிட்டு வந்தேன். அம்மா ஊருக்குத் திரும்பிய மாதத்தில் என் மகன் கைதவறிப் போட்டு, அது மூன்று துண்டாயிற்று.

பொன்தூள் வைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று அலுவலகத் தோழி சொன்னாள். எனக்கு அதே தட்டு வேண்டியிருந்தது. அதே கை செய்த தட்டு. அப்போதுதான் அம்மாவின் கேள்வி வேறு முகத்தோடு திரும்பி வந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

பெயரில்லாமையை நான் நேசித்த விதம்

நான் மென்பொருள் எழுதுகிறவள். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரிக்கும் அதை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்ற பதிவு இருக்கும். ஏதாவது உடைந்தால் முதலில் தேடுவது பெயரைத்தான். அந்த உலகத்திலிருந்து வருகிறவளுக்கு, 300 வருடமாக ஒரு கிராமமே பெயர் போடாமல் சட்டி பானை செய்கிறது என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. ஜப்பானிய அழகியல் சிந்தனையாளர் யனாகி சோயெட்சு சொன்னதை அப்படியே விழுங்கியிருந்தேன். அன்றாடப் புழக்கத்துக்காக, பெயர் தெரியாத கைவினைஞர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பொருளில்தான் கலப்பில்லாத அழகு பிறக்கிறது என்பது அவர் வாதம். 1920களில் நண்பர்களோடு சேர்ந்து அதற்கு மிங்கெய், அதாவது மக்கள் கைவினை, என்று பெயர் வைத்தார். 1931இல் இந்த ஒன்டாவுக்கு வந்து பார்த்து வியந்து எழுதினார். மலையிடுக்கில் ஒளிந்திருந்த ஊர் அதற்குப் பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஆனால் தட்டு உடைந்த பிறகு இதையெல்லாம் மறுபடி நினைத்துப் பார்த்தபோது ஓரிடத்தில் இடறியது. பெயரில்லாமையின் பெருமையைச் சொன்ன எல்லோரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரிகிறது. யனாகியைத் தெரியும். அவருடைய நண்பரான குயவர் ஹமடா ஷோஜியைத் தெரியும். ஹமடா தன் பாண்டங்களில் கையெழுத்திடுவதை நிறுத்தினார், உண்மைதான். ஆனால் பாண்டத்தை வைத்துக் கொடுக்கும் மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருக்கும். 1955இல் அரசு முதன்முறையாக ‘வாழும் தேசியப் புதையல்’ என்று தனிமனிதர்களை அறிவித்தபோது அதில் அவரும் இருந்தார். 1954இல் ஒன்டாவில் வந்து சில வாரம் தங்கிய ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சையும் தெரியும். அவர் கூஜாவுக்குக் கைப்பிடி இழுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். யாரிடம்? ஒன்டாக் குயவர்களிடம். வாக்கியத்தில் அவர்களுக்கு அவ்வளவுதான் இடம். அந்த மூவர் மீதும் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இல்லாவிட்டால் ஒன்டா என்ற பெயர்கூட என் சமையலறைக்கு வந்திருக்காது. ஆனாலும் இன்னொருவரின் அடக்கத்தை ரசிப்பது எவ்வளவு சுலபம் என்று உறைத்தது. ஆறு வருடம் நான் செய்ததும் அதுதான்.

பெயரைச் சட்டை போல மாட்டிக்கொள்ளும் வீடுகள்

ஒன்டா இருக்கும் இதே கியூஷு தீவில் இதற்கு நேர் எதிரான வீடுகளும் உண்டு. அரிட்டாவில் காகியெமோன் குடும்பம். 17ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பீங்கான்மேல் சிவப்பு வண்ணம் தீட்டிப் புகழ்பெற்ற முதல் காகியெமோனின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கி வருகிறார்கள். 14ஆவது காகியெமோன் 2013இல் இறந்தார். இப்போது அவர் மகன் 15ஆவது. பொறுப்பேற்கும்போது பதிவேட்டில் சட்டப்படியே பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். பிறந்தபோது வைத்த பெயர் போய்விடும். பேரன் என்கிற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். நாம் சொல்லில் வைத்திருப்பதை அவர்கள் பதிவேட்டில் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டின் தனிச்சிறப்பான வெண்மைக்கு நிகோஷிதே என்று பெயர். நிகோஷி என்றால் அந்த வட்டார வழக்கில் அரிசி களைந்த நீர், நம் கழுநீர். நீலம் தட்டாத, பால் போன்ற அந்த வெண்மையைச் செய்யும் முறை இடையில் பல தலைமுறைக்குத் தொலைந்துபோயிருந்தது. 12ஆவது காகியெமோனும் அவர் மகனான 13ஆவதும் சேர்ந்து 1953இல் மீட்டார்கள். பெயர் தொடர்ந்து வந்தது, கைவேலை நடுவில் அறுந்திருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

தெற்கே ககோஷிமாவில் சின் ஜுகான் வீடு. 1598இல், ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் கொரியப் படையெடுப்பு முடிகிற நேரத்தில், அந்தப் பகுதியை ஆண்ட சட்சுமா பிரபு பிடித்துக்கொண்டு வந்த கொரியக் குயவர்களின் வழிவந்தவர்கள். 12ஆம் தலைமுறைக்காரர் 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்குப் பெரிய பூச்சாடிகளை அனுப்பிப் பேரெடுத்தார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் பெயரே பெயரானது. 14ஆவது 2019இல் மறைந்தார், 15ஆவது இப்போது சூளையைப் பார்த்துக்கொள்கிறார். நானூறு வருடம் கழித்தும் கொரியக் குடும்பப்பெயரை விடாமல் வைத்திருக்கிறார்கள். பிடித்துவரப்பட்டவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. கியூஷுவின் மலைச்சரிவுகளில் படிப்படியாக ஏறும் சூளைகளும் காலால் உதைத்துச் சுற்றும் திரிகையும் அவர்கள் கொண்டுவந்த அறிவுதான். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயரில்லாமையில் விரும்பி ஏற்றதும் உண்டு, பறிக்கப்பட்டதும் உண்டு. பாண்டத்தின் அடியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சரி, ஒன்டா இதில் எந்த வகை? படித்துத் தெரிந்துகொள்ள முடியும் என்று தோன்றவில்லை. மூன்று துண்டையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

சராயாமா

ஃபுகுவோகாவிலிருந்து ஹிட்டா நகரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பேருந்து. அங்கிருந்து மலைமேல் போகும் சிற்றுந்து நாளைக்கு ஒருசில முறைதான். இருபுறமும் தேவதாரு போல நெடுநெடுவென்று நிற்கும் சுகி மரங்கள். ஹிட்டா அந்த மரத்துக்குப் பேர்போன ஊர். அறுவை ஆலைக் கழிவுதான் சூளைக்கு விறகு. கடைசி நிறுத்தம் சராயாமா, தட்டுமலை என்று பொருள். ஒன்டா என்ற பெயரை எழுத்துப்படி பார்த்தால் ‘சிறு மான் வயல்’. அதை ஒன்டா என்று வாசிக்க வேண்டும் என்பது ஜப்பானியர்களுக்கே யாராவது சொன்னால்தான் தெரியும்.

இறங்கியதும் முதலில் காதில் விழுவது கராஉசு. நம் பக்கத்து ஏற்றத்தைக் கண்ணில் கொண்டுவந்துகொள்ளுங்கள். நீளமான பெரிய மரம், நடுவில் அச்சு. ஒரு முனையில் தொட்டி போலக் குடைந்திருக்கும், மறுமுனையில் உலக்கை. ஓடையிலிருந்து திருப்பிவிட்ட நீர் தொட்டியை நிறைக்கும். கனம் தாங்காமல் அந்த முனை முனகிக்கொண்டே தாழும், நீர் கொட்டிவிடும், மறுமுனை உலக்கை ‘தொம்’ என்று மண்மேல் விழும். மறுபடி நீர் நிறையும். பகலும் இரவும், ஆள் இல்லாமலே. 1996இல் நாட்டின் நூறு ஒலிகள் என்று பட்டியல் போட்டபோது இந்தச் சத்தத்தையும் சேர்த்தார்கள். மலையில் வெட்டிய கட்டிமண் இந்த உலக்கையில் மூன்று நான்கு வாரம் இடிபட்டால்தான் பொடியாகும். மின் இயந்திரத்துக்குச் சில மணி நேர வேலை.

குயவர் வீடு என்று பார்த்தால் பத்து தேறாது. சக்கரம் சுற்றுகிறவர்கள் யனாசே, குரோகி, சகாமோட்டோ, கொபுகுரோ என்ற நான்கே குடும்பப்பெயருக்குள் அடக்கம். 1705இல் மலைக்கு அந்தப் பக்கமிருக்கும் கொய்ஷிவாராவிலிருந்து யனாசே சன்யெமோன் என்ற குயவர் வந்தார், குரோகி ஜூபெய் பணம் போட்டார், சகாமோட்டோ வீட்டார் நிலம் கொடுத்தார்கள் என்பது ஊரின் வரலாறு. சுற்றுவட்டார விவசாயிகளுக்கு ஊறுகாய்ச் சாடி, தண்ணீர்த் தொட்டி, மதுக்குடுவை செய்து கொடுத்தார்கள். தாங்களும் வயல் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிங்கெய் மோகம் பரவி ஆட்கள் வரத் தொடங்கியபோதுதான் முழுநேரக் குயவர்கள் ஆனார்கள்.

முதல் வீட்டு முற்றத்தில் ஒரு பெரியம்மா களிமண்ணைப் பலகையில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துணியைப் பிரித்து, இதே மாதிரி ஒன்று வேண்டும், யார் செய்தது என்று தெரியவில்லை என்றேன். ஊர் முத்திரையைத் தவிர வேறொன்றும் இல்லாத தட்டுக்கு அவர் என்ன சொல்ல முடியும், சிரித்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மண் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு அடித்துண்டை வாங்கினார். முன்பக்கத்தை, நான் ஆறு வருடம் ரசித்த அந்தக் கீறல்களை, அவர் பார்க்கவே இல்லை. திருப்பி, அடிவளையத்தின் உட்புறமாகக் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். பிறகு எழுந்து நின்று மேலே கையைக் காட்டினார். பாலம் தாண்டி இரண்டாவது வீடு என்றார். அவ்வளவுதான், மறுபடி மண்ணுக்குக் குனிந்துவிட்டார்.

அந்த வீட்டில் திரிகைக்கு முன் இருந்தவர் துண்டைக் கையில் வாங்கி அரை நொடி பார்த்தார். “அப்பாவோடது” என்றார். தகடு பிடிக்கும் அழுத்தம் தன்னுடையது வேறு என்று விரலால் காற்றில் காட்டினார். அப்பா இப்போது அதிகம் உட்காருவதில்லையாம்.

நான் வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பெயரில்லாத தட்டு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது என் அறியாமையைத்தான். அந்தப் பள்ளத்தாக்கில் அது பெயரில்லாத தட்டே இல்லை. யார் வீடு, எந்தத் தலைமுறை என்று கைரேகை படிப்பதுபோலப் படிக்கிறார்கள். எழுதிக் காட்டவேண்டிய தேவை வெளியாளுக்குத்தான். நம் வீட்டுச் சமையலில் எது பெரியம்மா வைத்த ரசம், எது சித்தி வைத்த ரசம் என்று யாரும் சீட்டு ஒட்டுவதில்லை அல்லவா.

ஒரு பெயர் எழுதினால் யாருடையதை எழுதுவது

அதோடு திருப்தியாகத் திரும்பியிருக்கலாம். ஆனால் திரும்பிப் போக வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. முதல் வீட்டுப் பெரியம்மா செய்வதை ஓடையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடித்த பொடியைத் தொட்டியில் நீர் விட்டுக் கலக்கிச் சலித்து, கல்லையும் வேரையும் நீக்கி, அடியில் படியும் மென்மண்ணை மட்டும் சேர்த்து, தண்ணீரை வடியவிட்டு, வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் பதமாக உலர்த்த வேண்டும். இந்த வேலை வழக்கமாகப் பெண்களுடையது. சக்கரம் ஆண்களுடையது. ஒரு வீட்டுக்கு இரண்டு சக்கரம்தான், அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. வெளியிலிருந்து சீடர் எடுப்பதில்லை. பல பிள்ளைகள் இருந்தாலும் தொழில் ஒருவருக்குத்தான். நிறைய மண் வேண்டுமென்றால் நிறைய கராஉசு வேண்டும், அதற்கு இன்னொரு ஓடை வேண்டும். இருக்கிற ஓடை ஒன்றுதான். ஊரின் அளவை அந்தத் தண்ணீர்தான் முடிவுசெய்திருக்கிறது. நடுவில் சரிவோடு ஏறும் எட்டு அறைச் சூளையை ஐந்து வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. மற்றவர்களுக்குச் சொந்தச் சூளை. நெருப்பு வைத்தால் இரண்டு நாளுக்குமேல் விழித்திருந்து விறகு தள்ள வேண்டும்.

இப்படி வரும் தட்டில் உட்கார்ந்து வனைந்தவர் பெயரை மட்டும் எழுதினால் அது முழு உண்மையாக இருக்காது என்று எனக்குப் பட்டது. 1995இல் அரசு இந்தக் கைவினையை முக்கியமான பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோதும் எந்தத் தனிமனிதருக்கும் கொடுக்கவில்லை, ஊராரின் பாதுகாப்புச் சங்கத்துக்கே கொடுத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு வீட்டுக்குப் பேரும் விலையும் ஏறி, அடுத்த வீட்டுக்கு ஏறாமல் போயிருந்தால், சூளையில் யார் அறை எது என்று பேசி முடிப்பதே பெரிய பாடாகியிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கொய்ஷிவாரா வேறு வழியில் போயிற்று. இயந்திரங்கள் வந்தன, மின் திரிகை வந்தது, சூளைகள் பல மடங்கு பெருகின. அங்கும் நல்ல பாண்டம் செய்கிறார்கள். இரண்டாவது மகனும் அங்கே குயவராக முடிகிறது.

அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. ஒன்டாவில் தொழில் ஒரு பிள்ளைக்குப் போனால் மற்ற பிள்ளைகள் மலையிறங்கிப் போகிறார்கள். கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டி வீட்டைச் சொன்ன அந்தப் பெரியம்மாவுக்கு மண்ணைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கும்! அவர் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தால் அடிவளையம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் பார்க்க ஆசை. ஊரின் முத்திரைக்குள் அவரும் அடக்கம் என்று சொல்லலாம், சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அழகான ஏற்பாடு என்று முழுமனதோடு சொல்ல முடியாமலும், மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லாமலும்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீரும் எப்போதும் நல்லதே செய்வதில்லை. 2017 ஜூலையில் வடக்குக் கியூஷுவில் கொட்டிய மழையில் இதே ஓடை பொங்கி கராஉசுகளை உடைத்துப் போட்டது. மண் வெட்டும் மலை சரிந்தது. உலக்கைச் சத்தம் நின்றுபோன ஊரில் மரம் அறுத்து, அச்சு செதுக்கி, ஒவ்வொன்றாக மறுபடி நிறுத்தினார்கள். இயந்திரம் வாங்கிவிட அதைவிட நல்ல சாக்குக் கிடைத்திருக்காது. வாங்கவில்லை. அந்த வாரங்களில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மகன் செய்த தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். கீறல்கள் அப்பாவுடையதைவிடச் சற்று நீளம், இடைவெளி கூடுதல். அம்மாவுக்குக் காணொளி அழைப்பில் காட்டினேன். புதுத் தட்டையும் பழைய அடித்துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அந்த மண்ணு பிசையற அம்மா பேரு கேட்டியா?” என்றாள். கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தும் கேட்கத் தோன்றவில்லை. அக்டோபரில் அங்கே பாண்டச் சந்தை நடக்கும், அப்போது மறுபடி போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.